ஊட்டி பூங்காக்களின் 12 மாதங்கள்: மே மாதப் பூவுக்கு டிசம்பரிலேயே வேலை ஆரம்பிப்பது ஏன்?

மே மாதம் ஊட்டிக்குப் போய்வந்த யாருடைய போனைத் திறந்தாலும் ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கும். அரசு தாவரவியல் பூங்காவின் பெரிய புல்வெளி, பின்னாடி வரிசை வரிசையா பூந்தொட்டிகள், நடுவுல சிரிச்சுக்கிட்டு நிற்கிற குடும்பம். அந்த போட்டோவை எடுக்க அஞ்சு செகண்ட் போதும். ஆனா, அதுல தெரியுற பூவுக்கான வேலை, நீங்க லீவுக்கு பிளான் போடுறதுக்குப் பல மாசம் முன்னாடியே, கை விறைக்கிற குளிர்ல தொடங்கியிருக்கும்.

ஊட்டியில் பூங்கா என்பது வெறும் டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை. அந்த ஊரின் வேலை, வருமானம், திருவிழா, விடுமுறை எல்லாமே பூங்காவின் காலண்டரை ஒட்டித்தான் நகருது. எந்த மாதம் அங்கே என்ன நடக்குது, யார் செய்றாங்க, பொதுமக்களுக்கு என்னென்ன நிகழ்ச்சிகள் இருக்கு, போறதுக்கு முன்னாடி நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்? முழு விவரமும் இங்கே.

ஒரே பார்வையில்

* நவம்பர் – பிப்ரவரி: உறைபனிக் காலம். செடிகளைக் காப்பாற்றுவதே முக்கிய வேலை.
* ஜனவரி – மார்ச்: நாற்று நடவு, தொட்டி நிரப்புதல், ரோஜா கவாத்து.
* ஏப்ரல் – மே: முதல் சீசன். கோடை விழா, மலர்க் கண்காட்சி.
* ஜூன் – ஆகஸ்ட்: தென்மேற்குப் பருவமழை. புல்வெளி சீரமைப்பு, அடுத்த நடவு.
* செப்டம்பர் – அக்டோபர்: இரண்டாவது சீசன்.

காய்கறித் தோட்டமா ஆரம்பிச்ச கதை

இன்னிக்கு பூவுக்குப் பேர் போன இந்தத் தாவரவியல் பூங்கா, காய்கறிக்காகத் தொடங்கப்பட்டதுன்னு சொன்னா நம்புவீங்களா? 1840-களில் ஊட்டியில் குடியிருந்த ஆங்கிலேயர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, நியாயமான விலைக்குக் காய்கறி கிடைக்கணும்னு ஒரு தோட்டம் போட்டாங்க. அது சரியா நடக்கலை. பிறகு, சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபுவின் காலத்தில் அதைத் தாவரவியல் பூங்காவாக மாற்றும் முயற்சி எடுக்கப்பட்டது. 1848-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மேக்ஐவர் வந்து சேர்ந்தார். தொட்டபெட்டா மலையின் சரிவில் இருந்த சதுப்பு நிலத்தையும் காட்டையும் சீராக்கி, இப்போது நாம் பார்க்கும் அமைப்புக்கு அடித்தளம் போட்டவர் அவர்தான்.

இன்று பூங்காவின் பரப்பு சுமார் 22 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 55 ஏக்கர். கீழ்த் தோட்டம், புதுத் தோட்டம், இத்தாலியன் பூங்கா, கண்ணாடி மாளிகை, நர்சரி என்று பல பகுதிகள். 2 கோடி ஆண்டுகள் பழைமையானதாகச் சொல்லப்படும் கல்மரமும் இங்கே இருக்கு. பூங்காவின் மேல்பகுதியில் தோடர் பழங்குடி மக்களின் மந்து இருக்கு. இந்தப் புல்வெளி மலைகளில் ஆங்கிலேயர் காலத்துக்கு வெகுகாலம் முன்பிருந்தே எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அது அவங்க குடியிருக்கிற இடம். அனுமதி கேட்காம போட்டோ எடுக்கக் கூடாது.

நவம்பர் – பிப்ரவரி: பனியோடு ஒரு போராட்டம்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கு. மழை ஓய்ந்து வானம் தெளிஞ்ச உடனே முதலில் வருவது நீர்ப்பனி. இலையெல்லாம் நனைஞ்சு கிடக்கும், அவ்வளவுதான். அடுத்து வருவதுதான் உறைபனி. மேகமே இல்லாத இரவில் தரையின் வெப்பம் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கி, பள்ளமான இடங்களில் தேங்கும். விடியும்போது குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் உப்பு கொட்டினது மாதிரி வெள்ளையா இருக்கும். தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் அப்படித்தான்.

ரீல்ஸுக்கு இது செம காட்சி. செடிக்கு ஆபத்து. இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது செல்கள் சேதமாகும். அதன் மேல் காலை வெயில் சுளீர்னு பட்டா, இலை கொதிநீர் ஊத்தினது மாதிரி வதங்கிக் கருகிடும். மலர்ச் செடி மட்டுமில்லை, தேயிலைத் தோட்டத்துக்கும் மலைக் காய்கறிக்கும் இதே கதிதான்.

இதிலிருந்து காப்பாற்ற பூங்கா ஊழியர்கள் மூணு வேலை செய்றாங்க.

*ஒண்ணு, மூடி வைக்கிறது.* நீலகிரியில் கிடைக்கும் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து, மலர்ப் பாத்திகள் மேலும் அலங்காரச் செடிகள் மேலும் கவிழ்த்து வைப்பாங்க. பனி நேரா செடி மேல் விழாது; உள்ளே காற்றோட்டமும் இருக்கும். குளிர்காலத்தில் போனா, பாத்தியில பூவுக்குப் பதிலா காய்ந்த குச்சிக் குவியல் மாதிரி தெரியும். 'என்னடா பராமரிப்பே இல்லையா'ன்னு நினைச்சுடாதீங்க. அதுதான் பராமரிப்பு.

*ரெண்டு, தண்ணீர் தெளிக்கிறது.* புல்வெளிக்கும் செடிகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் மூலம் தண்ணீர் தெளிப்பாங்க. அதிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னாடியே இலை மேல் படிஞ்ச பனியைக் கழுவி விட்டா, திடீர் வெயிலின் அடி குறையும். தரைக்குள் பதிக்கப்பட்டு, தேவையானபோது தலைதூக்கும் பாப்-அப் ஸ்பிரிங்க்ளர்கள் பெரிய புல்வெளியில் இருக்கு.

*மூணு, இடம் மாத்துறது.* தாங்க முடியாத செடிகளைக் கண்ணாடி மாளிகைக்குள்ளும், நர்சரியின் நிழல்வலைக் குடில்களுக்கும் கொண்டுபோயிடுவாங்க.

இந்த வேலைக்கு லீவு நாள் கிடையாது. பொங்கல் அன்னிக்கும் பனி விழும். நாம கம்பளிக்குள்ள சுருண்டு கிடக்கிற நேரத்துல, ஸ்வெட்டரும் தலையில துண்டும் சுத்திக்கிட்டு குழாயைத் திறக்கிறவங்க இருக்கிறதாலதான் ஏப்ரலில் அந்தப் புல்வெளி பச்சையா இருக்கு.

ஜனவரி – மார்ச்: நாற்று, தொட்டி, கத்தரி

பனிக்காலமும் நடவுக்காலமும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுவதுதான் ஊட்டியின் சிக்கல். சமவெளியில் ரெண்டு மாசத்துல பூக்குற செடி, மலைக் குளிரில் மெதுவாத்தான் வளரும். மே மாதம் பூ வேணும்னா, மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, பனி விழும்போதே விதைச்சாகணும். அதனால் நர்சரியில் விதைப்பு குளிர்காலத்திலேயே தொடங்கிடும். கொல்கத்தா, காஷ்மீர், பஞ்சாப், புனே, பெங்களூரு போன்ற இடங்களிலிருந்து விதைகள் வரும்.

சால்வியா, டேலியா, டெல்பினியம், ஆன்டிரைனம் போன்ற நீண்ட நாள் எடுக்கிற ரகங்கள் முதலில். பேன்ஸி, பெட்டூனியா, மேரிகோல்டு, பிளாக்ஸ், கேலண்டுலா மாதிரியானவை அடுத்தடுத்து. எல்லாம் ஒரே வாரத்தில் பூத்துடக் கூடாது; சீசன் முடியும் வரை பூ இருந்துகிட்டே இருக்கணும். அதனால ஒரே ரகத்தைக்கூட இடைவெளி விட்டு விதைப்பாங்க. லட்சக்கணக்கான நாற்றுகள், பல ஆயிரம் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் மண், எரு கலந்து நிரப்பி, நாற்று வெச்சு, நீர் ஊற்றி, நுனி கிள்ளி விடணும். எல்லாமே கை வேலை.

ரோஜாவுக்கு வேற கணக்கு. எல்க் ஹில் சரிவில், விஜயநகரம் பகுதியில் இருக்கும் அரசு ரோஜா பூங்கா, மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995-ல் உருவாக்கப்பட்டது. சுமார் 4 ஹெக்டேர் பரப்பில், படிப்படியான அடுக்குகளில் ஆயிரக்கணக்கான ரகங்கள். 2006-ல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு மாநாட்டில், சிறந்த பூங்காவுக்கான விருது இதற்குக் கிடைத்தது.

இங்கே ஜனவரி வாக்கில் கவாத்து நடக்கும். பழைய கிளை, நோய் வந்த கிளை, குறுக்கே வளர்ந்த கிளை எல்லாத்தையும் வெட்டி, வெட்டின இடத்தில் பூஞ்சைத் தொற்று வராமலிருக்க மருந்து பூசி, உரம் வைப்பாங்க. அந்த நேரத்தில் போனீங்கன்னா முள்ளுக் குச்சிகள் மட்டும்தான் பார்க்கக் கிடைக்கும். புதுத் துளிர் விட்டு, மொட்டு வெச்சு, பூக்க மூணு மாசம் வரை ஆகும். ஏப்ரலில் பூக்காடு. 'ஜனவரியில போனேன், ரோஜா பூங்கால ரோஜாவே இல்லை'ன்னு ரிவ்யூ போடுறவங்களுக்கு இதுதான் பதில்.

மார்ச், ஏப்ரலில் பெரிய புல்வெளியைக் கொஞ்ச நாள் கயிறு கட்டி மூடி வைப்பாங்க. உரம் போட்டு, வெட்டிச் சமப்படுத்தி, சீசனுக்குத் தயார் செய்யும் நேரம் அது. அப்போ கயிறைத் தாண்டாதீங்க.

ஏப்ரல் – மே: ஊரே திருவிழா

முதல் சீசன் இதுதான். நீலகிரி மாவட்ட நிர்வாகம், தோட்டக்கலைத் துறை, சுற்றுலாத் துறை எல்லாம் சேர்ந்து நடத்தும் கோடை விழா, ஒரே இடத்தில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி கிடையாது. மாவட்டம் முழுக்கப் பிரிச்சு வெச்சிருக்காங்க.

* காய்கறிக் கண்காட்சி – கோத்தகிரி நேரு பூங்கா. பொதுவாக மே முதல் வாரங்களில். விழாவின் தொடக்கமே பெரும்பாலும் இதுதான். கேரட், முள்ளங்கி, குடைமிளகாயில் செய்த யானையும் மயிலும் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.
* வாசனைத் திரவியக் கண்காட்சி – கூடலூர். மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை விளையும் பகுதி இது. கூட்டம் ஒப்பீட்டளவில் குறைவு.
* ரோஜா கண்காட்சி – ஊட்டி அரசு ரோஜா பூங்கா.
* மலர்க் கண்காட்சி – ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா. 1896-ல் தொடங்கிய பழைமையான நிகழ்வு. 2023-ல் 125-வது, 2025-ல் 127-வது. முன்பெல்லாம் சில நாள்களில் முடிந்துவிடும். 2025-ல் மே 15 முதல் 25 வரை 11 நாள்கள் நடந்தது. 2024-ல் டிஸ்னி கோட்டை, 2025-ல் ராஜராஜ சோழன் அரண்மனை என்று ஒவ்வொரு ஆண்டும் மலர்களால் ஒரு பிரமாண்ட வடிவம் உண்டு.
* பழக் கண்காட்சி – குன்னூர் சிம்ஸ் பூங்கா. வழக்கமாக மே கடைசி வாரம். 1874-ல் உருவான, சுமார் 12 ஹெக்டேர் பள்ளத்தாக்குப் பூங்கா இது. கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளில் மங்குஸ்தான், துரியன் விளைவதால் சமவெளியில் அபூர்வமான பழங்களையும் இங்கே பார்க்கலாம்.

ஒரே ட்ரிப்பில் அஞ்சையும் பார்க்க முடியுமா? முடியாது. தேதிகள் வெவ்வேறு வாரங்களில் வரும், ஆண்டுதோறும் மாறும். மாவட்ட நிர்வாகம் வழக்கமாக ஏப்ரலில் தேதிகளை அறிவிக்கும். அதைப் பார்த்துட்டு ரூம் போடுங்க.

உள்ளூர்க்காரர்களுக்கு என்ன இருக்கு?

மலர்க் கண்காட்சின்னா வெளியூர்க்காரங்க வந்து பார்த்துட்டுப் போறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில் அதன் உயிர் அங்கே நடக்கும் போட்டிகள்தான். வீட்டுத் தோட்டம், தொட்டிச் செடி, வெட்டுமலர், போன்சாய், ஜப்பானிய முறை மலர் அலங்காரம், காய்கறிச் சிற்பம், மலர்க் கோலம் என்று பல பிரிவுகள். வீட்டுத் தோட்டப் பிரிவில் கலந்துகொள்பவர்களின் வீட்டுக்கே நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பாங்க. கண்காட்சிக்கு முன்பே இந்தச் சுற்று முடிந்துவிடும். அதனால் விண்ணப்பமும் முன்கூட்டியே கொடுக்கணும். நீலகிரியில் குடியிருக்கிறீங்க, வாசலில் நாலு தொட்டி டேலியா இருக்குன்னா, ஆண்டுத் தொடக்கத்திலேயே தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விசாரிச்சு வைங்க.

பூங்காக்களுக்கு வெளியேயும் நிகழ்ச்சிகள் உண்டு. ஊட்டி படகு இல்லத்தில் படகுப் போட்டி நடக்கும். 1820-களில் ஜான் சல்லிவன் உருவாக்கிய ஏரி அது. அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பழங்குடியினரின் நடனங்களும் படுகர் நடனமும் மேடையேறும். பெரும்பாலும் மாலை நேரக் கலை நிகழ்ச்சிகள் அவை. காலையில் பூங்காவை முடிச்சுட்டு அறைக்குப் போய்ப் படுத்துடாதீங்க.

மலர்க் கண்காட்சி தொடக்க நாளில் நீலகிரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஆனா, சீசனின் மறுபக்கமும் உள்ளூர்க்காரங்களுக்குத்தான் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88,000 சொச்சம். இந்தச் சின்ன ஊருக்கு மே மாதத்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தா, பால் வாங்கப் போறதும் ஆஸ்பத்திரிக்குப் போறதும்கூட டிராஃபிக்கில் மாட்டும். கோடையில் தண்ணீருக்கும் இழுபறிதான். பூங்காவின் வருமானம் ஊருக்கு வேணும், ஊரின் மூச்சும் வேணும். கீழே சொல்லப்போகும் இ-பாஸ் இந்த இடத்திலிருந்துதான் வந்தது.

ஜூன் – ஆகஸ்ட்: மழையும் மராமத்தும்

சீசன் முடிஞ்ச புல்வெளியைப் பார்த்தா பாவமா இருக்கும். லட்சக்கணக்கான கால்கள் மிதிச்சு, புல் தேய்ஞ்சு, மண் இறுகிப் போயிருக்கும். மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது. அதனால் புல்வெளியை மூடி, மண்ணைக் குத்திக் கிளறி, உரமிட்டு, வெற்றிடங்களில் புதிய புல் பதிப்பாங்க. தென்மேற்குப் பருவமழை இதற்குக் கை கொடுக்கும். பூத்து முடிஞ்ச செடிகளை அகற்றி, மண்ணைப் புரட்டி, இரண்டாவது சீசனுக்கான நாற்றுகளை நடும் வேலையும் இந்த மாதங்களில்தான். ரோஜாவுக்கு இன்னொரு கவாத்தும் உண்டு.

இந்தக் காலத்தின் பெரிய கவலை மரங்கள். ஊட்டியில் கற்பூர மரம், சீகை மரம் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட உயரமான மரங்கள் ஏராளம். மண் ஊறி, காற்றும் சேர்ந்தடிச்சா வேரோடு சாயும். 2025 மே 25, 26 தேதிகளில் நீலகிரிக்கு ரெட் அலர்ட் விடப்பட்டு, சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. அந்த மழையில், ஊட்டி அருகே சுற்றுலா வந்திருந்த ஒரு சிறுவன் மரம் விழுந்து உயிரிழந்தான். பூங்கா கேட்டில் 'இன்று விடுமுறை' என்று போர்டு இருந்தால் சண்டை போடாதீங்க. 'இவ்ளோ தூரம் வந்துட்டோமே'ன்னு ஆபத்தான மரங்களுக்குக் கீழே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கவும் வேண்டாம்.

செப்டம்பர் – அக்டோபர்: தெரிஞ்சவங்களுக்கான சீசன்

இரண்டாவது சீசன் பற்றி நிறைய பேருக்குத் தெரியாது. மழை குறைஞ்சு, மலை முழுக்கப் பச்சையா, காற்று சுத்தமா இருக்கும். தாவரவியல் பூங்காவின் காட்சி மாடத்தில் ஆயிரக்கணக்கான தொட்டிகளை அடுக்கி வைப்பாங்க. மலர்க் கண்காட்சி மாதிரி பிரமாண்ட வடிவங்கள் இருக்காது. ஆனா, பூவை நிதானமா நின்னு பார்க்கலாம். பின்னாடியிருந்து யாரும் 'சார் கொஞ்சம் நகருங்க'ன்னு சொல்ல மாட்டாங்க. பூஜை விடுமுறை, தீபாவளி நாள்களைத் தவிர்த்துட்டுப் போனா அறை வாடகையும் மே மாதத்தைவிடக் குறைவாக இருக்கும்.

இதையெல்லாம் செய்றது யார்?

பூங்காக்கள் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறையின் கீழ் இயங்குகின்றன. நிரந்தர ஊழியர்களோடு, தற்காலிக, தினக்கூலிப் பணியாளர்களும் இருக்காங்க. விதை போடுவது, களை எடுப்பது, தொட்டி சுமப்பது, பனியில் தண்ணீர் தெளிப்பது என்று எல்லாவற்றிலும் அவர்களின் பங்கு பெரிது. பல ஆண்டுகளாக வேலை செய்தும் நிரந்தரம் கிடைக்கவில்லை என்று அவர்கள் போராட்டமும் நடத்தியிருக்காங்க. கண்காட்சியின் மேடைப் படங்களில் இவங்க முகம் இருக்காது. நீங்க போகும்போது பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து களை பறிக்கிறவங்ககிட்ட, 'அக்கா, இந்தப் பூ பேர் என்ன?'ன்னு கேட்டுப் பாருங்க. கூகுள் லென்ஸ் சொல்றதைவிட நல்லா சொல்வாங்க. எந்த மாசம் நட்டதுன்னும் சேர்த்து.

கிளம்புறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க

*இ-பாஸ்:* சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025-ல் ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. எண்ணிக்கையும் விதியும் மாறலாம். அரசின் இ-பாஸ் இணையதளத்தில் பார்த்துட்டுப் பதிவு பண்ணுங்க. பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இந்தத் தலைவலியே இல்லை.

*பிளாஸ்டிக்:* நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் உட்பட பல பொருள்களுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்து அபராதம் போடுவாங்க. ஸ்டீல் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. தண்ணீர் ஏ.டி.எம்-கள் இருக்கு.

*வானிலை:* ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாள்களில் பூங்காக்களை மூட வாய்ப்பு அதிகம். கிளம்பும் அன்று காலையில் ஒரு முறை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்க.

*விலங்குகள்:* ஊட்டி, குன்னூர் பூங்காக்களை ஒட்டிய பகுதிகளில் காட்டெருமை சாதாரணமாக நடமாடும். அது மாடு மாதிரி சாதுவா தெரியும். செல்ஃபி எடுக்கக் கிட்டப் போனால் முட்டித் தூக்கிடும். தள்ளியே நில்லுங்க.

பூங்காவுக்குள் சின்னச் சின்ன மரியாதைகள்

* கயிறு கட்டின புல்வெளிக்குள் இறங்காதீங்க. ஒருத்தர் தாண்டினா பத்து பேர் தாண்டுவாங்க. உறைபனி படிஞ்ச புல்லை மிதிச்சா, மிதிச்ச தடம் அப்படியே கருகிப்போகும்.
* கண்காட்சித் தொட்டிகளை நகர்த்தி போட்டோ எடுக்க வேண்டாம். ஒவ்வொண்ணும் உயரம், நிறம் பார்த்து அடுக்கினது.
* மரத்தில் பேர் செதுக்கறது காதல் இல்லை. பட்டை கிழிஞ்சா மரத்துக்கு நோய் வரும்.
* சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டால் குரங்கும் காட்டெருமையும் பழகிடும். அப்புறம் அதுங்களுக்கும் ஆபத்து, அடுத்து வர்ற குழந்தைக்கும் ஆபத்து.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்

*பூ பார்க்க எது சிறந்த நேரம்?*
பிரமாண்டம் வேணும்னா மே நடுப்பகுதி. அமைதி வேணும்னா செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் முற்பாதி. ரோஜா மட்டும் போதும்னா ஏப்ரல், மே.

*டிசம்பரில் போனால் வேஸ்ட்டா?*
இல்லை. உறைபனியைப் பார்க்கலாம், கண்ணாடி மாளிகைச் செடிகளைப் பார்க்கலாம், கூட்டமில்லாத நர்சரியைப் பார்க்கலாம். பூக்காடு எதிர்பார்த்துப் போனால்தான் ஏமாற்றம்.

*ஊட்டியில் வாங்கின பூச்செடி சென்னை, மதுரையில் வளருமா?*
பேன்ஸி, சைக்ளமன், டெல்பினியம் போன்ற குளிர்ப் பிரதேசச் செடிகள் சமவெளி வெயிலில் தாங்காது. மேரிகோல்டு, பெட்டூனியா, சால்வியா போன்றவற்றைச் சமவெளியில் மழைக்காலம் முடிந்து குளிர்காலத்தில் முயற்சி பண்ணலாம். ஆசைப்பட்டு வாங்கி, வீட்டில் ஒரே வாரத்தில் காயவிடுவதைவிட, நர்சரி ஊழியர்கிட்ட உங்க ஊர் பேரைச் சொல்லிக் கேளுங்க.

*புதுசா எந்தப் பூங்காவும் வருமா?*
ஊட்டி நகரின் நடுவில் இருக்கும் குதிரைப் பந்தய மைதான நிலத்தை, குத்தகைப் பாக்கி பிரச்னையைத் தொடர்ந்து 2024 ஜூனில் அரசு திரும்ப எடுத்தது. 50 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த இடத்தில் சூழலியல் பூங்கா அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இது தொடர்பாக வழக்குகளும் நடந்தன. பள்ளத்தில் இருக்கும், மழைநீர் தேங்கும் நிலம் அது. அங்கே பூங்கா வந்தால் அலங்காரத்தோடு சேர்த்து வெள்ளத்தைத் தாங்கும் வேலையையும் அது செய்யணும் என்பதே உள்ளூர்க்காரர்களின் எதிர்பார்ப்பு.

*குழந்தைகளோடு போனால் எதை முதலில் பார்க்கலாம்?*
காலையில் கேட் திறந்த உடனே தாவரவியல் பூங்கா. பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறும். மேல்பகுதிக்கு ஏற்றம் அதிகம். கைக்குழந்தையோடு போறவங்க கீழ்த் தோட்டம், கண்ணாடி மாளிகை, இத்தாலியன் பூங்காவோடு நிறுத்திக்கலாம். அடுத்த நாள் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு மலை ரயிலில் போய்வாங்க. டிக்கெட் மட்டும் முன்னாடியே புக் பண்ணிடுங்க, சீசனில் கடைசி நேரத்தில் கிடைக்காது.